மொத்தத்தோடு 0.2

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் நிரல் எழுதிப் பிழைத்தவன்தான். நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தருகிற கம்பைலர் காட்டும் எச்சரிக்கைகளைப் படிக்காமல் தள்ளிவிடும் கெட்ட பழக்கம் எனக்கும் உண்டு. அந்த உறுத்தலில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

'கொல்லிமலையில் மேகங்கள் தவழ்ந்து…' சே! சுற்றுலாக் கையேடா எழுதுகிறேன்? அடித்தாயிற்று.

மறுபடி. கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் ஒரு சரிவுக்குக் கீழே அத்தாயியின் வீடு. அங்கே சேந்தமங்கலத்துப் பெண் உமைரா ஒரு மழைமானியும் சைரனும் மாட்டியிருந்தாள். நிரல் அவள் எழுதியது. ஒரே நாளில் நூறு மில்லிமீட்டர் தாண்டினால் சைரன் அலறும்; அத்தாயி வீட்டைவிட்டு ஓட வேண்டும். போன ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. சைரன் வாயே திறக்கவில்லை. சரிவு இறங்கி, கொட்டகையோடு இரண்டு மாடுகளையும் மூடியது. அத்தாயி அன்றைக்குச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருந்ததால் பிழைத்தாள்.

2

உமைராவை முதலில் அழவைத்தேன். (எடுத்துவிட்டேன். அவள் அழுது ஓய்கிற ஆள் இல்லை.) சேந்தமங்கலத்தில் அப்பாவின் கடை மாடியில் உட்கார்ந்து, பழைய நிரலை மறுபடியும் கம்பைலரிடம் கொடுத்தாள். இந்தமுறை எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொன்னாள். சிலதைக் கேட்டால்தான் அது சொல்லும்.

அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்கு மழையும் தெரியாது, அத்தாயியையும் தெரியாது. ஒவ்வொரு வரியையும் பிரித்துப் போட்டு, எந்தத் துண்டு முழு எண், எது தசம எண் என்று குறித்துக்கொள்ளும். வகை மாறுகிற இடத்தில் ஒன்றை மற்றதாகத் தானே மாற்றும். அப்போது ஒரு கேள்வி: வருகிற மதிப்பு போகிற இடத்தில் முழுசாகக் கொள்ளுமா? சந்தேகமென்றால் வரியைக் காட்டி எச்சரிக்கும்.*

* 'தெரிந்துதான் மாற்றுகிறேன்' என்று நாமே நிரலில் எழுதிவிட்டால் எச்சரிக்காது. நம்மை நம்பிவிடும், பாவம்.

நாற்பத்தொரு எச்சரிக்கைகள் வந்தன. "அத்தனையும் பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்" என்றாள். முப்பத்தாறாவதில் அகப்பட்டது. மழைமானிக்குள் சின்னக் கிண்ணம் நிரம்பிக் கவிழும்போதெல்லாம் மழையின் மொத்தத்தோடு 0.2 மில்லிமீட்டர் சேர வேண்டும். மொத்தத்தையோ முழு எண் என்று அறிவித்திருந்தாள். பூஜ்ஜியத்தோடு 0.2 சேரும், தசமம் வெட்டுப்படும், மறுபடி பூஜ்ஜியம். ஆயிரம் தடவை கவிழ்ந்தாலும் அதே பூஜ்ஜியம்தான். "அடிப் பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மீதி ஐந்தையும் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் பஸ் ஏறினாள்.

3

முடிவு ஒன்று: ஊரே கைதட்டுகிறது. ரொம்பத் தித்திப்பு. முடிவு இரண்டு: அத்தாயி சைரன் பெட்டியைப் பிடுங்கி எறிந்து… வேண்டாம். அவள் அப்படி எறிகிறவள் இல்லை.

புது நிரலை ஏற்றி, உமைரா குடத்துத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மழைமானியில் ஊற்றினாள். 0.2, 0.4, 0.6 என்று எண் ஏறியது. நூறைத் தாண்டியதும் சைரன் அலறியது.

"செரியாயிருச்சுங்கம்மா. தப்பு என்னோடதுதானுங்க."

"போன தடவையும் செரியா இருக்குதுன்னுதான கண்ணு சொல்லீட்டுப் போன?" என்றாள் அத்தாயி.

"ஆமாங்க. இப்புடித் தண்ணி ஊத்திப் பாக்காமச் சொல்லீட்டேன்."

"பொட்டி கெடக்கட்டும். உன்னயக் கேக்கறேன். மழ புடிச்சு அது கத்தலீன்னா, நீ மலையேறி வந்து என்னயக் கூப்புடுவியா?"

4

உமைராவின் வாயில் மூன்று பதில்களை வைத்துப் பார்த்தேன். மூன்றும் எனக்கு வசதியானவை, அடித்துவிட்டேன். ஐப்பசி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அத்தாயி பதில் வாங்காமல் நகர மாட்டாள்.

வாசகரே, இப்போது அவள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். போவீர்களா?