அல்பானுக்குக் கொடுத்த குரல்

ரெஜிஸ் மர்சேனாக்கின் முகம் பிரான்சில் யாருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவர் கிடையாது. பாரிஸில் அவர் குடியிருந்த தெருவின் ரொட்டிக் கடையில், "ஒரு பகெத், நல்லா வெந்ததா குடுங்க" என்று கேட்டால் போதும், வரிசையில் நிற்பவர்கள் சட்டென்று திரும்புவார்கள். அமெரிக்க நடிகர் டேல் மெக்ராடியைக் கண்கள் தேடும். வழுக்கையும் தொங்கிய கன்னமுமாக நிற்கும் ஆளைப் பார்த்ததும் அவர்கள் முகம் லேசாக வாடும். அந்த வாட்டத்தை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தாயிற்று.

லிமோஜில் கசாப்புக் கடை வைத்திருந்தவரின் மகன். நாடகப் பள்ளியில் இடம் கிடைத்துப் பாரிஸ் வந்தவர். மேடையில் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரனாகவும், மரணச் செய்தி கொண்டுவரும் தூதனாகவும் காலம் தள்ளினார். சினிமாவில் போலீஸ்காரர், நோட்டரி, இரண்டாவது காட்சியிலேயே சுடப்பட்டு விழுகிற ஆள். நடுவில் மெக்ராடியின் முதல் படத்துக்குப் பிரெஞ்சுக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். போனார். அதன் பிறகு மெக்ராடி வாயைத் திறந்த போதெல்லாம் பிரான்சில் ரெஜிஸ்தான் பேசினார். துப்பறிந்தார், காதலித்தார், குதிரை மேலிருந்து கட்டளையிட்டார். எல்லாம் இருட்டறையில், திரைக்குக் கீழே ஓடும் வசனப் பட்டையைப் பார்த்தபடி, ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

மனைவி சொலாஞ்ச் விட்டுப் போகும்போது சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பேசுறே. வீட்டுக்கு வந்தா மட்டும் வாயில பூட்டு."

அல்பான் கேராஸ் நாடகப் பள்ளியில் அவரோடு படித்தவர். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வாய்ப்புத் தேடி அலைந்தவர்கள். இருபது வயதிலேயே ஒருவரை ஒருவர் 'கிழவா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். முப்பது வயதில் ரெஜிஸுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. தெற்கே ஒரு கோடை நாடக விழாவில் கதாநாயகன் வேடம். அதே வாரங்களில்தான் மெக்ராடியின் இரண்டாவது படமும் வந்து நின்றது. குரல் வேலை நிச்சயம், நாடகம் நிச்சயமில்லை. ரெஜிஸ்தான் இயக்குநரிடம் அல்பானின் பெயரைச் சொன்னார்.

"நீ போடா கிழவா. எனக்கு அடுத்த வருஷம் ஒண்ணு வராமலா போயிடும்?"

வரவில்லை. அல்பான் அந்தக் கோடையில் ஏறிய ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. பேட்டிகளில் தன் ஆரம்ப நாட்களைப் பற்றிச் சொல்லும்போது, "அன்னைக்கு யாரோ வர முடியாம போச்சு, அந்த இடம் எனக்குக் கிடைச்சுது" என்பார். அந்த 'யாரோ' தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இருவருக்கும் எழுபது தாண்டிய பிறகு அல்பான் ஒரு படத்தில் நடித்தார். மனைவி சாகக் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வேடம். படப்பிடிப்பின்போதே தொண்டை கரகரத்தது. முடிந்த கையோடு புற்று என்று சொல்லிக் குரல்வளையை அறுத்தெடுத்தார்கள். படத்தில் பதிவாகியிருந்த குரலோ ரம்பம் அறுப்பது போல இருந்தது. மறுபடி பேசிச் சேர்க்க வேண்டும். ஆனால் அல்பானுக்கு அதன் பிறகு வெறும் மூச்சுக்காற்று மட்டும்தான் வந்தது.

குரல் பதிவு இயக்குநர் ஒடில் ரெஜிஸுக்குப் போன் செய்தாள். மெக்ராடி படங்களில் பாதிக்கு மேல் அவளிடம்தான் அவர் பேசியிருந்தார்.

"ரெஜிஸ், ஒரு வேலை இருக்கு. வெளியில மூச்சு விடக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"யாருக்குப் பேசணும்?"

"அல்பானுக்கு. அவரேதான் கேட்டாரு. வேற யாரும் வேண்டாம்னு சொல்லிட்டாரு."

ரெஜிஸ் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "அந்தக் கிழவன் முகத்தைப் பாத்துக்கிட்டே ஒரு வாரம் நிக்கணுமா? சரி, வர்றேன்" என்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் அல்பான் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரெஜிஸ் மெக்ராடிக்குப் பேசும் குரலைத் தூக்கி எறிந்தார். நாடகப் பள்ளி அறையில் பாதித் தூக்கத்தில் அல்பான் முனகுவது, குடித்தால் வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்குவது, பொய் சொல்லும்போது குரல் சற்று மேலே போவது என்று ரெஜிஸின் நினைவில் எல்லாம் அப்படியே இருந்தது. தப்பு வந்தால் அல்பான் கையைத் தூக்குவார். மூன்றாம் நாளிலிருந்து கை தூக்கவே இல்லை.

படுக்கைக் காட்சி வந்தது. திரையில் அல்பானின் உதடுகள் அசைந்தன. ரெஜிஸ் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "நீ முதல்ல போயிடாதே. எனக்கு அடுப்புப் பத்த வைக்கக்கூடத் தெரியாது." அவ்வளவுதான் வசனம். அதைச் சொல்லும்போது மனசில் அல்பானும் இல்லை, தோட்டக்காரரும் இல்லை. பெட்டியோடு படியிறங்கிப் போன சொலாஞ்ச்தான் இருந்தாள். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னார்.

ஒடில் விளக்கைப் போட மறந்துவிட்டாள். அல்பான் எழுந்து வந்து ரெஜிஸின் தோளைப் பிடித்துக் காதோரம் காற்றாகச் சொன்னார்: "இப்படித்தான்டா நான் பேசியிருக்கணும்."

அந்த வருஷத்தின் சிறந்த நடிகர் பரிசு அல்பானுக்குக் கிடைத்தது. பத்திரிகைகள் எல்லாம் அந்தக் குரலைப் பற்றியே எழுதின. பரிசு மேடையில் அல்பான் பேச முடியாமல் நிற்க, மனைவி ஜிஸ்லேன் அவருக்காக வாசித்தாள். இயக்குநருக்கு நன்றி, ஒளிப்பதிவாளருக்கு நன்றி, அறுவை செய்த டாக்டருக்கு நன்றி, தோட்டத்தில் ஓயாமல் குரைத்துப் படப்பிடிப்பைக் கெடுத்த நாய்க்குக்கூட நன்றி. அரங்கம் சிரித்து எழுந்து நின்று கைதட்டியது. வீட்டில் தொலைக்காட்சி முன்னால் ரெஜிஸ் தன் பெயருக்காகக் காத்திருந்தார். விளம்பரம் வந்தது.

ஒரு வாரம் கழித்து இருவரும் காப்பிக் கடையில் சந்தித்தார்கள்.

"நாய் பேரு இருந்துச்சு. என் பேரு இல்லையேடா," என்றார் ரெஜிஸ்.

அல்பான் குனிந்து வந்து பேசினார். மூச்சு மட்டும்தான் கேட்டது. "சொன்னா பரிசைத் திருப்பிக் குடுக்கணும்."

"குடேன்."

"எனக்கு இதோட எல்லாம் முடிஞ்சுதுடா. இனிமே எவன் கூப்பிடப் போறான்? உனக்குத்தான் அமெரிக்காக்காரன் இருக்கானே."

"நாற்பது வருஷமா அவன் வாயிலதான் குடியிருக்கேன். ஒரே ஒரு தடவை என் மனசுல இருந்து பேசினேன். அதையும் நீ எடுத்துக்கிட்டே."

"நீதானே குடுத்தே," என்றார் அல்பான்.

ரெஜிஸ் எழுந்து போய்விட்டார். அதுதான் அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு. இலையுதிர் காலத்தில் அல்பான் செத்துப் போனார்.

சர்ச்சில் இடமில்லாமல் ஜனங்கள் தெருவரை நின்றார்கள். பாதிரியார் பேசி முடித்ததும் ஒலிபெருக்கியில் அந்தப் படுக்கைக் காட்சியைப் போட்டார்கள். "நீ முதல்ல போயிடாதே." சவப்பெட்டிக்கு மேலே ரெஜிஸின் குரல் சர்ச் முழுவதும் நிறைந்தது. முன் வரிசையில் பெண்கள் தேம்பினார்கள். ரெஜிஸ் தூணுக்குப் பக்கத்தில் நின்று, தன் குரல் இன்னொருவனோடு அடக்கமாவதைக் கேட்டார்.

பிறகு பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் கூடினார்கள். ஒயின் ஓடியது. ரெஜிஸ் எதுவும் சாப்பிடாமல் குடித்துக்கொண்டிருந்தார். படத்தின் தயாரிப்பாளர், சிவந்த முகத்தோடு, "அந்த மாதிரி குரல் இனிமே பொறக்காது" என்றார்.

"பொறந்து இங்கதான் நிக்குது," என்றார் ரெஜிஸ்.

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தக் காட்சியில பேசினது நான். படம் முழுக்க நான்தான். அவனுக்குத் தொண்டையே இல்லை. இந்த ஆளுக்குத் தெரியும்," என்று தயாரிப்பாளரைக் காட்டினார். தயாரிப்பாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"மெஸ்யூ மர்சேனாக், இன்னைக்கா இதெல்லாம்?" என்றார் ஒருவர். "டப்பிங்காரங்க எல்லாருமே இப்படித்தான். மெக்ராடியோட பேரையும் தன் பேருன்னுதான் சொல்லுவாங்க," என்று இன்னொருவர் முணுமுணுத்தார்.

ரெஜிஸ் ஒடிலைத் தேடினார். சுவரோரம் நின்றிருந்தாள். "ஒடில், நீ சொல்லு. நீதானே பதிவு பண்ணினே?"

ஒடில் கோப்பைக்குள் பார்த்தாள். "ரெஜிஸ், வீட்டுக்குப் போங்க. நான் டாக்சி கூப்பிடுறேன்."

அப்போதுதான் அவர் கோப்பையை மேஜையில் வைத்தார். கண்களை மூடினார். எந்தப் பட்டையும் ஓடவில்லை, எந்த உதடும் அசையவில்லை. "நீ முதல்ல போயிடாதே. எனக்கு அடுப்புப் பத்த வைக்கக்கூடத் தெரியாது."

சமையலறைக் கதவில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு யாரோ கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

"அச்சு அசல் அல்பான்!"

"உடம்பே சிலிர்த்துப் போச்சு. எப்படிப்பட்ட அஞ்சலி, மெஸ்யூ!"

"முதல்ல கோபப்பட்ட மாதிரி நடிச்சதும் நல்லாருந்துச்சு," என்றார் முணுமுணுத்தவர். தயாரிப்பாளர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ரெஜிஸின் தோளைத் தட்டிக்கொடுத்து, "நீங்க மேடையில இன்னும் நிறைய நடிச்சிருக்கணும்" என்றும் சொன்னார்.

ஜிஸ்லேன் மட்டும் கை தட்டவில்லை. ரெஜிஸ் கோட்டை எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்ல, ஜிஸ்லேன்?"

அவள் அவருடைய கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் என் பேரைக்கூடக் காத்தாத்தான் சொன்னாரு. இப்ப அந்தப் படத்தைப் போட்டுக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது. அதுவும் அவர் இல்லைன்னு நீங்க சொன்னா நான் எதைக் கேக்குறது?"

"நான் எதைக் கேக்குறது?" என்றார் ரெஜிஸ்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். குழந்தைகளுக்கான கார்ட்டூன் ஒன்றில் கரடிக்குப் பேச வேண்டும். ஒடில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிவாங்கியில், "ரெஜிஸ், அன்னைக்கு நடந்தது..." என்று ஆரம்பித்தாள்.

"பட்டையை ஓட விடு," என்றார் அவர்.

கரடி தேனைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடம். அவர் சிரித்தார். நன்றாகவே வந்தது. மறுபடி சிரிக்கச் சொல்லி ஒடில் கேட்கவில்லை.