காதடைத்த ஒன்பது நாட்கள்

மனைவியின் ஹெட்போனை அவர் முதல் தடவையாகக் கையில் எடுத்தது அவள் ஆஸ்பத்திரியில் விழுந்த பிறகுதான். ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவள் அதை மாட்டிக்கொள்வாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் உலோகப் பெட்டி மடியில் கிடக்கும். போனிலிருந்து ஓர் ஒயர் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து இன்னோர் ஒயர் ஹெட்போனுக்கு. "போன்லயே நேரா மாட்டிக் கேட்டா ஆகாதா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறார். "இவ்வளவு பெரிய ஹெட்போனுக்கு போனோட தெம்பு பத்தாது. இந்த ஆம்ப்ளிஃபயர் கொடுக்கணும்" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று அவர் விசாரித்ததில்லை. மறதி என்று சொல்ல முடியாது, முறுக்குதான். தினமும் ஒரு மணி நேரம் தன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று உள்ளூர ஒரு குறை.

பஸ் டிப்போவில் அவர் மெக்கானிக். வண்டி கேட்டுக்குள் திரும்பும்போதே சத்தத்தை வைத்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்பவர்களுக்கு அவர் 'டாக்டர்'. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது போனில் யாராவது "டாக்டரே, அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் உடம்பு கூசியது.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவள் நினைவில்லாமல் கிடந்தாள். மூச்சு தானாக வந்து போனது, கண் திறக்கவில்லை. முதல் இரண்டு நாள் கூட இருந்த மகள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் பெரிய டாக்டர், "பழகின சத்தம் ஏதாவது காதுல விழட்டும். பலன் இருக்கும்னு உறுதியாச் சொல்ல மாட்டேன், கெடுதல் இல்ல" என்றார். கேட்டதும் அவர் நேரே வீட்டுக்குப் போய் ஹெட்போன், பெட்டி, அவள் போன் எல்லாவற்றையும் துணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்தார்.

வார்டில் இருந்த ப்ளக்கெல்லாம் மெஷின்களுக்கே சரியாக இருந்தது. "இதுல எதையும் சொருகிடாதீங்க" என்று நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் ஒரு பவர் பேங்க் வாங்கி, கீழே கேன்டீனில் சார்ஜ் போட்டு எடுத்து வந்து பெட்டியோடு இணைத்தார். பெட்டியில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. அவளுடைய போனில் முக்கோணத்தை அழுத்தினார். பாட்டு நகர்வதைக் காட்டும் கோடு நகர்ந்தது. தடித்த மெத்தை வைத்த இரண்டு கிண்ணங்களையும் அவள் காதுகளின்மேல் பொருத்தி, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்பது நாள் அப்படி உட்கார்ந்தார். முதலில் பேச்சே வரவில்லை. அப்புறம் தண்ணீர் மோட்டார் ரிப்பேரானது, பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தது என்று வந்தது. ஐந்தாம் நாள், யாரோ தள்ளிவிட்டதுபோல, அந்தப் பேச்சு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் தபால் ஆபீசில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு ஊருக்குப் போக வேண்டும். அவர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அவள் வழக்கம்போலச் சமைத்தாள். இந்த ஹெட்போனை வாங்கியது அந்த மாதத்தில்தான்.

"நான்தான் குறுக்க நின்னேன்" என்றார். "நீ பெரிய ஆபீசரா ஆயிடுவேன்னு பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

அவள் விரல் அவருடைய உள்ளங்கையில் ஒரு தரம் அசைந்தது. நர்ஸிடமும் போனில் மகளிடமும் டிப்போவிலும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்: "பாட்டு கேட்டு விரலை அசைச்சா!"

குழந்தைக்குக் குணமாகி, அதை மாமியாரிடம் விட்டுவிட்டு மகள் திரும்பி வந்தாள். "அம்மா என்ன கேக்குறாங்க?" என்று ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தாள். போனைப் பார்த்தாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது ஆன் ஆகவே இல்லப்பா."

"விளக்கு எரியுதேம்மா."

"அது சார்ஜ் ஏறுற விளக்கு. இந்தத் திருகை டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் திருப்பணும்." திருப்பினாள். நீலமாக இன்னொரு விளக்கு வந்தது. "நீங்க ஒரு தடவைகூட காதுல வச்சுப் பாக்கலையா?"

"அப்ப நான் பேசினதும் கேட்டிருக்காதே" என்றார். "காதை நல்லா அடைச்சுல்ல விட்டிருக்கேன்."

"கொஞ்சமாவது கேட்டிருக்கும்பா" என்றாள் மகள், அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டபடி.

பிறகு ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். தெரியாத ஒரு மொழியில் யாரோ ஒரு பெண் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அவள் மூச்சை இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"யாரும்மா இது?"

"தெரியலப்பா. நானும் அம்மாகிட்ட கேட்டதில்ல."

பவர் பேங்கோடு சேர்த்து ஓட்டினால் பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல் வந்தது. சார்ஜைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றாள் மகள். பழைய பேட்டரி, நாலு மணி நேரம்தான் தாங்கியது. தீர்ந்ததும் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு இறங்குவார். அங்கே டீ போடும் அம்மாள், கல்லாவுக்குப் பின்னால் இருந்த ப்ளக்கை அவருக்கென்றே விட்டுவைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தார். பாட்டு ஓடும்போது குறுக்கே பேச மனம் வரவில்லை. நின்றுவிட்டால் சார்ஜ் போடப் போகும் வேலை இருந்தது. உண்மையில், பாட்டுச் சத்தத்தில் பாதி கேட்காது என்ற தைரியத்தில்தான் அன்றைக்கு அவ்வளவும் சொன்னார். திறந்திருக்கும் காதில் சொல்ல வேறு தைரியம் வேண்டியிருந்தது.

மகள் வந்த ஆறாம் நாள் காலை பத்தரைக்கு நீல விளக்கு அணைந்தது. ஹெட்போனைக் கழற்றினார். அது அழுத்தியிருந்த இடம் காதோரம் சிவந்திருந்தது, கட்டைவிரலால் நீவிவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மகள் குளிக்கப் போயிருந்தாள். குனிந்து, "அந்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துச்சே..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து ஒயரைக் கழற்றினார்.

"சார்ஜ் போட்டுட்டு வந்துடறேன்" என்றார். "வந்து பேசலாம்."

கேன்டீனில் பெட்டியைச் சொருகிவிட்டு டீயை வாயில் வைப்பதற்குள் மகள் போன் செய்தாள். "அப்பா, மேல வாங்க." லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினார். அவர் போய்ச் சேர்வதற்குள் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரே காகித வேலை. இங்கே கையெழுத்து, அங்கே கைரேகை, கீழே ஆபீசில் ஒரு முத்திரை. மகள் அழுதுகொண்டே யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். முத்திரை வாங்கிக்கொண்டு அவர் கேன்டீன் வாசலைக் கடந்தபோது டீ போடும் அம்மாள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"ஐயா, பெட்டியை மறந்துட்டுப் போறீங்களே! எப்பவோ ஃபுல் ஆயிடுச்சு." ஒயரைப் பிடுங்கி, முந்தானையால் துடைத்து நீட்டினாள். "சீக்கிரம் கொண்டு போங்க. பாட்டு இல்லாம அம்மா படுத்திருப்பாங்க."

பெட்டி கதகதப்பாக இருந்தது. சொல்ல வாயெடுத்தார். அவள் பாலை இறக்கத் திரும்பிவிட்டாள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் காகிதங்களும் மறு கையில் பெட்டியுமாக அவர் மறுபடி படியேறத் தொடங்கினார்.