ஒன்றுமில்லாததன் கைரேகை

அப்பாவின் மண்டை பாதிதான் வந்திருந்தது.

நெற்றி இருந்தது. கண்குழிகள் இருந்தன. அதற்குக் கீழே, காதுக்குப் பின்னால் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், துடைத்துவிட்டாற்போல ஒரே கறுப்பு.

"டாக்டர் என்னக்கா சொல்றாரு?" சின்னவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஆபீஸ் திரையில் அதே படத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள். எத்தனை முறை திறந்தாலும் அதே பாதி.

"பழைய ஸ்கேன் முழுசா வேணுமாம். கட்டி அன்னிக்கு இருந்த அளவே இன்னிக்கும் இருந்தா, மாத்திரையோட விட்டுடலாமாம். வளர்ந்திருந்தா நாளைக்குக் காலையில மண்டையைத் திறந்தாகணும். படமே கிடைக்கலைன்னா வளர்ந்ததா வெச்சுக்கிட்டுத் திறக்கறதுதான் நல்லதுங்கறாரு." பெரியவளின் குரல் கரகரத்தது. "உங்க கம்பெனிதானேடி பத்திரமா வெச்சிருக்கறதா சொல்லிச்சு? ஆஸ்பத்திரி வாசல்ல போஸ்டர் வேற ஒட்டியிருக்கீங்க."

போனில், அக்காவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எனக்குப் பாதி மண்டைதான்னு கல்யாணமான புதுசுலயே உங்கம்மா கண்டுபிடிச்சுட்டா. அவளைக் கேட்டிருந்தா ஸ்கேனே தேவைப்பட்டிருக்காது."

"சும்மா இருங்கப்பா" என்றாள் பெரியவள்.

ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது திருப்பிக் கொடுப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். பழைய சர்வரில் இருந்த படங்களையெல்லாம் புதிய சர்வருக்கு நகலெடுத்து முடித்தாயிற்று. இன்று சாயங்காலம் பழையதை அழிக்க விழா. ஆமாம், விழா. பெரிய ஹாலில் பலூன், கேக், எம்.டி. தம் திருக்கரத்தால் அமுக்க ஒரு சிவப்புப் பொத்தான். பழைய சர்வரைக் காலையிலேயே பூட்டிவிட்டார்கள். ஹாலில் இருக்கும் கணினிக்கு மட்டும் அது திறந்திருந்தது.

இத்தனை ஏற்பாடும் மேதையுடையது.

மேதை என்பது ஆபீஸ் வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் காதில் விழுந்தபோது அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார். அதன் பிறகு எதிரிலேயே கூப்பிட்டார்கள். கூட்டத்தில் யாராவது சந்தேகம் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் கேட்டவருக்குக் கேள்வி மறந்துவிடும். இதுதான் அவருடைய தொழில்நுட்பத்தின் சாரம்.

சின்னவளுக்கு அவர் அக்கா புருஷனும்கூட. பட்ட காலிலே படும் என்பார்கள்.

அவள் அப்பாவின் கோப்புக்கு எதிரே இருந்த பச்சை முத்திரையைப் பார்த்தாள். 'சரிபார்க்கப்பட்டது. அசலும் நகலும் ஒன்றே.'

பாதி மண்டை முழு மண்டைக்குச் சமம் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

சரிபார்க்கும் முறை ஒன்றும் மாயமில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் என்று ஒரு கைரேகை உண்டு. கோப்பு ஒரு முனையிலிருந்து ஓடி வர வர, ஒவ்வொரு துண்டாக வாங்கி அரைத்து, கடைசித் துண்டு வந்ததும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரியைக் கக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரி அடியோடு மாறிவிடும். அசலின் ரேகையும் நகலின் ரேகையும் ஒத்துப்போனால் நகல் சரி. கோப்பின் நீளத்தை ஒப்பிடும் பழைய முறையும் ஒன்று இருந்தது. "நீளத்தை அளக்கறது துணிக்கடைக்காரன் வேலை. நாம ரேகை பாக்கறவங்க" என்று மேதைதான் அதைத் தூக்கியெறிந்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

சின்னவள் அப்பாவுடைய கோப்பின் ரேகையைத் திறந்தாள்.

ஈ, மூன்று, பி, பூஜ்யம், சி, நாலு, நாலு, இரண்டு...

இந்தத் தொழிலில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவர்கள் யாருக்கும் இந்த வரி தெரியும். அவளும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வரியைப் பார்த்து ஒரு நாள் முழுக்க முழித்திருக்கிறாள். எதையுமே அரைக்கக் கொடுக்காமல் ரேகை கேட்டால் வரும் வரி இது. ஒன்றுமில்லாததன் கைரேகை.

அடுத்த நோயாளியின் கோப்பைத் திறந்தாள். ஈ, மூன்று, பி, பூஜ்யம். அதற்கடுத்தது ஒரு குழந்தையின் நெஞ்சுப் படம். ஈ, மூன்று, பி, பூஜ்யம். எவருடையதோ முழங்கால். அதே ஈ, அதே மூன்று.

நெஞ்சும் முழங்காலும் மூளையும் ஒரே ரேகை! அசல் பக்கமும் அதே வரி, நகல் பக்கமும் அதே வரி. வெறுமையை வெறுமையோடு ஒப்பிட்டு, ஆகா என்ன பொருத்தம் என்று பச்சை முத்திரை குத்திக்கொண்டிருந்தது மேதையின் எந்திரம்.

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிவப்புப் பொத்தான் நினைவுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே செத்தது.

நிரலைத் திறந்தாள். தப்பு, வாசலிலேயே கால் நீட்டிப் படுத்திருந்தது. கோப்பு என்பது ஓடும் தண்ணீர். ஒரு தடவை ஓடியது ஓடியதுதான், மறுபடி குழாய்க்குள் ஏறாது. மேதைக்கோ திரையில் ஒரு பச்சைப் பட்டை நகர்ந்து 'நாற்பது சதவீதம், ஐம்பது சதவீதம்' என்று காட்டவேண்டும். சதவீதம் சொல்ல மொத்த அளவு தெரியவேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கோப்பைக் கடைசிவரை ஓடவிட்டு எண்ணியிருக்கிறார். எண்ணி முடித்த பிறகு, வறண்ட குழாய்க்கடியில் ரேகை எந்திரத்தை வைத்திருக்கிறார். ஒரு சொட்டு விழவில்லை. எந்திரமும் நேர்மையாக, "எனக்கு எதுவும் வரவில்லை" என்பதை ரேகையாக எழுதிக்கொடுத்துவிட்டது. அந்த நேர்மைகூட மனிதர்களிடம் இல்லை.

பட்டை மட்டும் அழகாக நகர்ந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஹால் வாசலில் மேதை டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அத்தான், பொத்தானை அமுக்கக் கூடாது. அப்பாவோட படம் பாதிதான் வந்திருக்கு."

"தெரியும்மா, உங்கக்கா போன் பண்ணா. ஆஸ்பத்திரிக்காரங்க திறக்கத் தெரியாம திறந்திருப்பாங்க."

"நான் இங்கயே திறந்து பார்த்துட்டேன். எல்லாக் கோப்புக்கும் ஒரே ரேகை வந்திருக்கு அத்தான். படிச்சு முடிச்சு வறண்டுபோன ஸ்ட்ரீம்லேர்ந்து ஹாஷ் எடுத்திருக்கீங்க."

கண்ணாடி கழன்றது. கைக்குட்டை வெளியே வந்தது. "இங்க பாரும்மா. இந்த சிஸ்டம் ஒரு கோப்பைக்கூட தப்புன்னு சொன்னதில்லை. ஒண்ணே ஒண்ணைக்கூட. அப்படி இருக்கும்போது..."

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி வேண்டாமா? நகலெடுக்கற நெட் லைன் தினமும் அறுந்து அறுந்து விழுது. அதுல ஒரு கோப்புகூடவா உடையாது? ஒரு தடவையாவது தப்பான கோப்பைக் கொடுத்து, இது தப்புன்னு சொல்லுதான்னு பார்த்தீங்களா?"

"தப்பான கோப்பை யாராவது வேணும்னே கொடுப்பாங்களா?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "விழா முடியட்டும், உக்காந்து பேசலாம். குடும்ப விஷயத்தை ஆபீஸ்ல கலக்காதே."

"குடும்ப விஷயமா? நாளைக்குத் திறக்கப்போறது உங்க மாமனார் மண்டையை!"

அவர் உள்ளே போய்விட்டார். உள்ளே கைதட்டல் கேட்டது. மேதைமையைப் பாதுகாக்க அவசரமாகப் போகவேண்டியிருந்தது, பாவம்.

ஹாலில் திரைக்குப் பக்கத்தில், பழைய சர்வரைத் திறந்து வைத்திருந்த கணினியின் முன்னால் சர்வர்காரர் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே தூங்கத் தெரிந்தவர் என்று பேர்வாங்கியவர். இன்று உட்கார இடம் கிடைத்ததில் இன்னும் வசதி.

"அண்ணே, அந்தப் பொத்தானோட வயரைக் கொஞ்சம் பிடுங்குங்க."

"மேலேர்ந்து சொல்லணும்மா." ஒரு கண் திறந்தது. "நான் என் இஷ்டத்துக்குப் பிடுங்கினா நாளைக்கு என்னைப் பிடுங்கிடுவாங்க."

மேடையில் மேதை முழங்கிக்கொண்டிருந்தார். "ஒரு கோப்பு, ஒரே ஒரு கோப்புகூடத் தவறவில்லை! உலகத்தில் எங்காவது..." எம்.டி. பொத்தானுக்கு மேல் விரலை வைத்துப் பழகிப் பார்த்தார். போட்டோ எடுப்பவன் "சார், கொஞ்சம் சிரிச்சாப்ல" என்றான்.

சின்னவள் மேஜையிலிருந்த கேக்கைப் போனில் ஒரு படம் எடுத்தாள். ரோஜா நிறக் கிரீமில் 'நூற்றுக்கு நூறு' என்று எழுதியிருந்த கேக். மடிக்கணினியைத் திறந்து, புதிய சர்வரில் அப்பாவின் பாதி மண்டை இருந்த இடத்தில் அந்தக் கேக்கை வைத்தாள். பிறகு மேடைக்கு ஏறினாள்.

"சார், அமுக்கறதுக்கு முன்னாடி சரிபார்க்கறதை ஒரு தடவை எல்லாருக்கும் காட்டலாமே. மேதையோட பச்சைப் பட்டையை நீங்களே நேர்ல பார்த்ததில்லையே?"

எம்.டி.க்கு வேடிக்கை பிடிக்கும். மேதைக்குப் பட்டையைக் காட்டப் பிடிக்கும். "காட்டும்மா, காட்டு" என்றார்கள் இருவரும்.

அவள் சர்வர்காரரை எழுப்பி, அப்பாவின் கோப்பு எண்ணைச் சொன்னாள். பெரிய திரையில் பட்டை நகர்ந்தது. பத்து, முப்பது, எழுபது. புதுமணப்பெண் மாதிரி என்ன ஒயில்! நூறு. பச்சை முத்திரை. 'அசலும் நகலும் ஒன்றே.'

கைதட்டல். மேதை தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

"இப்ப ரெண்டையும் திறங்க அண்ணே. பக்கத்துல பக்கத்துல."

இடப்பக்கம், பழைய சர்வரிலிருந்து அப்பாவின் மண்டை வந்தது. நெற்றி, கண்குழி, காது, காதுக்குப் பின்னால் சின்னதாகக் கட்டி, தாடைவரை முழுசாக.

வலப்பக்கம் கேக்.

ஹாலில் பலூன் உரசும் சத்தம் கேட்டது. எம்.டி. திரையிலிருந்த கேக்கைப் பார்த்தார். மேஜையிலிருந்த கேக்கைப் பார்த்தார். பிறகு தம் விரலைப் பார்த்தார். அது பொத்தானுக்கு ஒரு நூல் மேலே நின்றிருந்தது. பாம்புப் புற்றிலிருந்து எடுப்பதுபோல அதை மெல்ல எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது ரெண்டும் ஒண்ணா?" என்றார் மேதையிடம்.

"சார், இது ஒரு அபூர்வமான நிலைமை. வழக்கமான பயன்பாட்டுல யாரும் கேக்கை..."

"வயரைப் பிடுங்குய்யா!"

சர்வர்காரர் அவ்வளவு வேகமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். கேக்கை மண்டைக்குள் மறைக்க முடியாது. மேதை துடைத்தார், துடைத்தார், கண்ணாடி தேயும்வரை துடைத்தார். இந்தத் தடவை யாருக்கும் கேள்வி மறக்கவில்லை.

சின்னவள் அங்கேயே உட்கார்ந்து, நிரலில் மொத்த அளவை எண்ணுகிற வரியை அழித்தாள். கோப்பு ஓடும்போதே, ஒவ்வொரு துண்டும் ரேகை எந்திரத்தின் வழியாகப் போகும்படி மாற்றினாள். ஒரே ஓட்டம், கடைசித் துண்டு வந்த பிறகுதான் ரேகை. பட்டை போயிற்று. அழகும் போயிற்று. மறுபடி ஓடவிட்டாள்.

'தவறு. அசலும் நகலும் வேறு.'

அந்த எந்திரம் பிறந்ததிலிருந்து சொன்ன முதல் உண்மை அது. அவளுக்கு அதைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பழைய சர்வரிலிருந்து அப்பாவின் படத்தைப் புதிதாக இழுத்து, இரண்டு ரேகையும் ஒத்துப்போனதைக் கண்ணால் பார்த்து, டாக்டருக்கு அனுப்பினாள். மற்றக் கோப்புகளை வரிசையாக ஓடவிட்டபோது, பச்சைக்கு நடுவே அங்கங்கே சிவப்பு முளைத்தது. முழங்காலுக்கும் சிவப்பு. யாரோ ஒருவர் அவசரமாகக் கேக்கைத் துணி போட்டு மூடினார்.

இருட்டுவதற்குள் பெரியவளின் போன் வந்தது.

"கட்டி அப்படியே இருக்காம்டி. ஒரு மயிரிழைகூட வளரலையாம். மாத்திரை போதுங்கறாரு." அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. சின்னவள் கேக் கதை முழுவதையும் அவளிடம் சொன்னாள்.

சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேதை அவளுக்கு முன்னால் அங்கே இருந்தார். ஆரஞ்சுப் பையோடு, கட்டிலோரம் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். "அதாவது மாமா, சரிபார்ப்பு முறையை நான் இன்னிக்கு இன்னும் கடுமையாக்கிட்டேன். இனிமே சின்னத் தப்பைக்கூட விடாது. ஆபீஸ் முழுக்க மெயில் அனுப்பிட்டேன்."

சின்னவள் வாயைத் திறந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஒண்ணு கேக்கறேன். அந்த மெஷின் நேத்து வரைக்கும் எதையாவது 'இல்லை, தப்பு'ன்னு சொல்லியிருக்கா?"

"இல்ல மாமா."

"உங்க ஆபீஸ்ல உங்ககிட்ட அப்படிச் சொல்ற ஆள் யாராவது?"

கை தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று.

பெரியவள் எட்டி, அவர் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "வீட்டுல நான் இருக்கேன்ப்பா. இனிமே நானும் வாய விட்டே சொல்றேன்." புருஷனைப் பார்த்தாள். "முதல்ல, மெயில் அனுப்பினது தப்பு. யார் திருத்தினதுன்னு எழுதி இன்னொண்ணு அனுப்புங்க. இங்கயே. நான் பார்க்க."

அவர் போனை எடுத்தார். துடைக்காத கண்ணாடி வழியாக எழுத்துகள் மங்கலாகத் தெரிந்திருக்கவேண்டும். அடித்து, அழித்து, மறுபடி அடித்தார்.

அப்பா ஓர் ஆரஞ்சை உரித்து, முதல் சுளையைச் சின்னவளிடம் நீட்டினார்.