மூன்றாம் மாடித் தம்பி கொடுத்த பை

என் மகளுக்குத் துணி எடுப்பது உங்கள் வீட்டில் துணி எடுப்பது போல இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், நல்ல வேலையில் இருக்கிற ஒரு பொம்பளை பில் போடாத பையோடு கடை வாசலைத் தாண்டுவாளா என்று நீங்களும் கேட்பீர்கள்.

அவளுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் மகாராணி. பேச்சு குறைவு, அதிகாரம் அதிகம். கூட்டம், பளீர் வெளிச்சம், மைக் சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாது. சின்ன வயதில் ஒருமுறை கடைக்குக் கூட்டிப்போனோம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினாள். வேடிக்கை பார்க்க ஒரு மாடியே கூடிவிட்டது. அதோடு சரி. அன்றிலிருந்து துணிதான் அவளைத் தேடி வர வேண்டும். சோபாவில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பிடிக்காததைத் தூக்கி எறிவாள். ஏழெட்டு கொண்டுவந்தால் ஒன்று தேறும். தேறாததை வற்புறுத்திப் போட்டுவிட்டால், கழுத்தையும் தோளையும் ரத்தம் வரச் சொறிந்துகொள்வாள். துணி வாங்கித் தைத்துப் பார்த்தோம், தையல் உறுத்தியது. ஆன்லைனில் வந்தவை கன்னம் வரைகூடப் போகவில்லை.

இதெல்லாம் புரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். நாங்கள் வழக்கமாகப் போகும் துணிக்கடையின் மூன்றாம் மாடியில், குழந்தைகள் பிரிவில் நிற்கும் விற்பனையாளர். எங்கள் வீட்டில் அவருக்கு மூன்றாம் மாடித் தம்பி என்றே பெயர். நான் விஷயத்தைச் சொல்லித் தயங்கி நின்ற முதல் நாளே, "அதுக்கென்னக்கா, பார்வைக்கு எடுத்துட்டுப் போங்க. பாப்பா எதை வெச்சுக்குதோ அதுக்கு மட்டும் நாளைக்கு வந்து பில் போடுங்க" என்றார். பழகிய வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கடையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. எழுத்தில் கிடையாது, கையெழுத்து கிடையாது. கீழே வாசல் காவலாளிக்கு ஒரு போன் அடிப்பார். "பச்சைப் புடவைக்கார அக்கா வராங்க, பார்வைக்கு" என்பார். அவ்வளவுதான்.

கடைசியில் மகாராணி கன்னத்தில் வைத்துக்கொண்டு எடுக்கவே மாட்டேன் என்றது, அந்தக் கடையின் சொந்தத் தயாரிப்பான ஒரு காட்டன் கவுனை. நாலு தண்ணீர் பார்த்த பழந்துணி போல மெத்தென்று இருக்கும். உள்தையலை மடித்து அடித்திருப்பார்கள். இத்தனை வருடமாக அவள் உடம்பில் ஏறிய துணி அது ஒன்றுதான். அவள் வளர வளர அடுத்த அளவு வாங்குவேன். அந்தக் கடைக்கு நான் விசுவாசமாக இருந்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அது விசுவாசம் இல்லை, உயிர்ப் பிரச்சினை.

தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெரிய கடை. இரண்டுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். இங்கே தள்ளுபடி போட்டால் அங்கே மூக்கில் வேர்த்துவிடும். அந்த இரண்டும் ஒன்றாகிவிட்டதாக ஒருநாள் பேனர் தொங்கியது. 'நீங்கள் நேசித்த இரு கடைகள், இனி ஒரே குடும்பம்.' குடும்பம் என்று கடைக்காரர்கள் எழுதிவைத்தால் நான் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். குடும்பத்துக்குள் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

முதலில் நாற்காலிகள் போயின. வயதானவர்கள் உட்கார மாடிக்கு நாலு நாற்காலி போட்டிருப்பார்கள், அவை இருந்த இடத்தில் பெட்டி பெட்டியாகச் சரக்கு வந்து உட்கார்ந்தது. பிறகு விற்பனையாளர்கள் சட்டையில் பெயர் போய் நம்பர் வந்தது. கூரையில் மூலைக்கு மூலை கறுப்புக் குமிழ்கள் முளைத்தன. அவை நம்மைத்தான் பார்க்கின்றனவா என்று நிமிர்ந்து பார்த்தால், நம் முகம்தான் வளைந்து தெரியும். ஒருவர் நின்ற இடத்தில் எதிர்க்கடை ஆள் ஒருவரும் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. துணி மடிப்பதில்கூடப் போட்டி. கணக்கு முடியும்போது இரண்டில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். லிஃப்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

மகாராணிக்குக் கவுன் கையைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அடுத்த அளவு கேட்கப் போனேன். தம்பி என்னைப் பார்த்ததும், "சொல்லுங்க மேடம்" என்றார்.

"என்ன தம்பி, நான் எப்போ மேடம் ஆனேன்?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு அலமாரியைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டு பேசினார். "அந்தக் கவுன் இனிமே வராதுக்கா. நம்ம சொந்தத் தயாரிப்பு எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. இருந்த சரக்கையும் குடோனுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"ஐயோ, என்ன தம்பி இப்படிக் குண்டைத் தூக்கிப் போடுறீங்க? அவ அம்மணமாவா நிப்பா?"

"மெதுவா பேசுங்கக்கா." கண் மேலே குமிழுக்குப் போய்த் திரும்பியது. "நான் பார்க்கிறேன். நம்பரைக் கொடுத்துட்டுப் போங்க."

அந்த மாதம் முழுக்க அவள் இறுகிய கவுனையே போட்டாள். இரவில் துவைத்து மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, காலையில் அதையே மாட்டுவேன். அக்குளில் கிழிய ஆரம்பித்தது. தைத்தால் தையல் உறுத்தும் என்பதால் கிழிசலை அப்படியே விட்டேன். பெண் பெரியவள் ஆகிக்கொண்டிருக்கிறாள், கிழிசலோடு எத்தனை நாள் விடுவது? ராத்திரி கண்ணை மூடினால் அதுதான்.

ஒரு மதியம் போன் வந்தது. "இன்னைக்கே வாங்கக்கா. அஞ்சு மணிக்கு முன்னாடி." அக்கா என்று மறுபடியும் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் அனுமதி கேட்டு, பக்கத்து வீட்டம்மாவை மகளோடு உட்காரச் சொல்லிவிட்டு ஓடினேன்.

பை தயாராக இருந்தது. வாயைப் பின் அடித்து மூடியிருந்தார்.

"பிரிச்சுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம், வீட்டுல போய்ப் பாருங்க."

"பார்வைக்குத்தானே தம்பி? அதெல்லாம் இப்பவும் உண்டா?"

"உங்களுக்கு எப்பவும் போலத்தான்க்கா. போங்க."

ஏ.சி. ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. "காய்ச்சலா தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், வேலைப் பளு என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். அவர் வாசலுக்குப் போன் அடிக்கவில்லை என்பதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

வாசலில் புதிதாக இரண்டு தூண்கள் நட்டிருந்தார்கள். நடுவில் கால் வைத்ததும் அலாரம் அலறியது. பழைய காவலாளி இல்லை. கறுப்புச் சீருடையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றார்கள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு நிமிஷம் உள்ள வாங்க மேடம்" என்றான் ஒருவன், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையில்தான் ஏதோ தப்பென்று எனக்குப் புரிந்தது.

கீழ்த்தளத்தில் சரக்கு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை. ஜன்னல் இல்லை. மாடியிலிருந்து காணாமல் போன நாற்காலிகள் அங்கேதான் இருந்தன. எனக்கு முன்னாலேயே மூன்று பெண்கள் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரையும் எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுக்கும் டாக்டரம்மா, டியூஷன் டீச்சர், இரட்டைக் குழந்தைகளின் அம்மா. பல வருடமாக ஒரே கவுண்டரில் தோளோடு தோள் நின்றவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. பின் அடித்த பை.

டீச்சர்தான் மெல்லக் கேட்டாள். "உங்களுக்கும் போன் வந்துச்சா?"

தலையாட்டினேன்.

"எப்பவும் போலத்தான்னு சொன்னாரா?"

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். மேலே டிராலிகள் உருளும் சத்தம் கூரையில் நகர்ந்துகொண்டே இருந்தது.

மேனேஜர் வந்தாள். என் கடைசித் தங்கை வயதுதான் இருக்கும். இனிமையான குரல். என் பையைப் பிரித்து, மேலாக இருந்த துணியின் கழுத்தைப் புரட்டினாள். "லேபிளை வெட்டியிருக்கீங்களே மேடம்."

"நானா? நான் பையைத் திறக்கவே இல்லம்மா. இது பார்வைக்கு. காலங்காலமா நடக்குறது. மேல தம்பியைக் கேளுங்க."

"அப்படி ஒரு வழக்கம் எங்க கம்பெனியில இல்லையே மேடம்" என்றவள், ஆளை அனுப்பி அவரை வரவழைத்தாள். அவர் கதவோரம் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"இவங்களை எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களா?"

"பில் போட்டுட்டுப் போங்கன்னுதான் சொன்னேன் மேடம்."

ஒரு மூச்சில் சொன்னான். ஆமாம், அந்த நிமிடம் என் மனதில் 'சொன்னார்' போய்விட்டது.

மேனேஜர் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினாள். "இன்னைக்கு மட்டும் உங்க செக்‌ஷன்ல நாலு திருட்டுக் கேஸ். எதிர்ப்பக்க ஆளு இந்த மாசம் பூரா ஒண்ணுதான். வெரி குட். முடிவு எடுக்கும்போது இதெல்லாம் கணக்குல வரும்."

எங்களை வைத்துக்கொண்டே சொன்னாள். நாங்கள் நாற்காலிகளோடு நாற்காலிகள்தானே. புது ஆட்களைப் பிடிப்பது கஷ்டம், அவர்கள் உஷாராக இருப்பார்கள். ஒரு போன் போட்டால் நம்பி ஓடி வருகிறவர்கள் பழைய வாடிக்கையாளர்கள்தான். அவன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எங்கள் நம்பிக்கை போதுமானதாக இருந்திருக்கிறது.

நான் எழுந்துவிட்டேன். "அக்கா அக்கான்னு கூப்பிட்ட வாய்தானேடா அது! உனக்குத் தெரியுமே, என் புள்ள நிலைமை உனக்குத் தெரியுமே!"

அவன் தரையைப் பார்த்தான். "சாரி மேடம்."

போலீஸா, திருடியதாக ஒப்புக்கொண்டு கையெழுத்தா என்று கேட்டாள் மேனேஜர். கையெழுத்துப் போட்டால் பைக்குள் இருப்பதற்கு முழு விலையும் கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் வாடிக்கையாளர் கார்டு ரத்து, போட்டோ எல்லாக் கிளைக்கும் போகும். "ரெண்டு கடையும் இப்போ நாங்கதானே மேடம். நீங்க எந்த வாசல்ல நுழைஞ்சாலும் தெரிஞ்சிடும்." முன்பென்றால் இங்கே சண்டை போட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய் நிற்கலாம். இப்போது எதிர் என்று ஒன்று இல்லை. மணி ஆறை நெருங்கியது, பக்கத்து வீட்டம்மா கிளம்பிவிடுவாள், மகள் தனியாகிவிடுவாள். கையெழுத்துப் போட்டு, பணத்தையும் கட்டினேன். போட்டோ எடுத்தவன், "சிரிக்க வேண்டாம் மேடம்" என்றான். எனக்குச் சிரிப்பு வேறு வருமாக்கும்.

வீட்டுக்கு வந்து பையைச் சோபாவில் வீசினேன். என்ன நடந்தது என்று கேட்ட கணவரிடம் வள்ளென்று விழுந்தேன். மகாராணி பையை இழுத்து, முதல் கவுனை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். எறியவில்லை, மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டாவதும் மடிக்குப் போனது. மூன்றாவதும் போனது. என் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததில்லை. கிட்டே போய் ஒன்றைத் தொட்டேன்.

அதே துணி. ஏழும் அதே மெத்தென்ற துணி. குடோனில் எங்கெங்கோ துழாவி எடுத்திருக்க வேண்டும், மடிப்பில் தூசி. ஒவ்வொன்றாக விரித்து அளவு பார்த்தேன். முதல் இரண்டு இப்போது போட. அடுத்த மூன்று, அதற்கும் ஒரு சுற்றுப் பெரியது. கடைசி இரண்டு, அந்தத் துணியில் வந்ததிலேயே பெரிய அளவு. கழுத்து லேபிளை ஏழிலும் ஒரு நூல்கூட மிஞ்சாமல் பிரித்து எடுத்திருந்தான், அவளுக்கு உறுத்தக்கூடாது என்று. பில் போட்ட பிறகு அவன் எப்போதும் உட்கார்ந்து செய்துகொடுக்கும் வேலை அது. இந்த முறை முன்னாலேயே செய்திருந்தான். நான் இனி அங்கே போக முடியாது என்று தெரிந்து செய்திருந்தான்.

அவனைச் சபிக்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு எதிரே வந்தாலும் முகத்தில் அறைவேன். ஆனால் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மகாராணி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து கதவருகில் நின்றாள். சின்ன அளவுதான். அதுவே கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது.

"அட, நம்ம பொண்ணு ஒரே மாசத்துல எவ்வளவு உயரமாயிட்டா பாரேன்!" என்றார் கணவர் பெருமையாக.

மிச்ச ஆறையும் மடித்து அலமாரியில் வைத்தேன். பிறகு அவள் தலையில் கையை வைத்து, போதும்டி, இதற்குமேல் வளராதே என்று, பெற்றவள் கேட்கக்கூடாததைக் கேட்டுக்கொண்டேன்.