பத்தொன்பதாவது பாகம்

"அப்பா, சுவிட்சை அணைச்ச பிறகும் அது ஏன் பாடிக்கிட்டே இருக்கு?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அப்பா புதிதாகச் செய்து முடித்த கிட்டார் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. அவர் தந்தியை மீட்ட வேண்டும், அவள் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று பேச்சு. அணைத்தாள். சிவப்பு விளக்கு உடனே போயிற்று. பாட்டு போகவில்லை. மூன்று நான்கு விநாடி நின்று, பிறகு மெல்லக் கரைந்தது.

"உள்ளே கொஞ்சம் கரண்ட் மிச்சம் இருக்கும்மா. வால்வு சூடா இருக்கில்ல, அது அந்த மிச்சத்தைக் குடிச்சிட்டுப் பாடும்."

அவள் யோசித்தாள். "பாட யாரும் இல்லன்னா, அந்த மிச்சம் எங்கே போகும்?"

"நீ முதல்ல சாப்பிட வா," என்றார் அப்பா.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் நாற்பது கட்டடங்களின் லிஃப்ட் அவர் கையால் ஏறி இறங்கியது. அவர் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் ஏழு மாதமாக ஓடவில்லை. அது வேறு கம்பெனியின் லிஃப்ட், அவர் தொடக்கூடாது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கும் அண்டை வீட்டார் அவரைப் பார்க்கும் பார்வையில் ஒரு கேள்வி இருக்கும். அவரும் அவர்களோடு சேர்ந்து மூச்சு வாங்குவார். வேறு என்ன செய்ய முடியும்?

வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம் வால்வு மன்றத்துக்குத்தான். பழைய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வு வைத்து வீட்டிலேயே ஆம்ப் செய்கிறவர்கள் இணையத்தில் கூடும் இடம் அது. இருநூறு பேர் இருப்பார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் யார் வீட்டு ஆம்ப் உறுமுகிறது, யார் வீட்டு ஆம்ப் புகைந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வார்கள். சொன்ன கையோடு சண்டையும் போடுவார்கள்.

அங்கே அவருக்கு லிஃப்ட்டண்ணன் என்று பெயர். அவருக்குச் சரிக்குச் சரி நிற்பவர் ஒரு பல் மருத்துவர். எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா.

"டாக்டரம்மா, உங்க வயரெல்லாம் பல்லுக்குக் கம்பி போட்ட மாதிரி வரிசையா இருக்கு. ஆனா வாயைத் திறந்தா உர்ருங்குதே," என்று இவர் எழுதுவார்.

"லிஃப்ட்டண்ணே, வயரை ஒட்ட நீங்க உருக்கி வச்ச ஈயம், அந்த சோல்டரைப் பார்த்தேன். சொத்தைப் பல்லுக்குக்கூட நாங்க அவ்வளவு அடைக்க மாட்டோம்," என்று பதில் வரும்.

இதைப் படிக்கவே பாதிப் பேர் மன்றத்துக்கு வந்தார்கள்.

அந்த வருஷம் மன்றத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். முதன்முதலாகச் செய்கிறவர் பயப்படாமல் செய்யக்கூடிய சின்ன ஆம்ப் ஒன்றுக்கு வரைபடம் தர வேண்டும். பாகங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டாக்டரம்மாவின் வரைபடத்தில் பத்தொன்பது பாகங்கள். லிஃப்ட்டண்ணன் தம்முடையதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் முறைத்தார். அதிலும் பத்தொன்பதுதான். ஒன்றைக் கழற்றினால் ஜெயிக்கலாம். கரண்டைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரின் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு ரெசிஸ்டர் அவர் கண்ணில் பட்டது. அணைத்த பிறகு மிஞ்சும் கரண்டை வடிய விடுவது ஒன்றுதான் அதன் வேலை. சத்தத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மிச்சத்தைத்தான் வால்வே குடித்துவிடுகிறதே, மகளே பார்த்தாளே. கழற்றினார். பாட்டு அப்படியே இருந்தது.

பதினெட்டு ஜெயித்தது. வரைபடத்தை மன்றத்தின் முகப்பில் மாட்டினார்கள். ஏழு பேர் அதைப் பார்த்துச் செய்யப் போவதாகக் கையைத் தூக்கினார்கள். லிஃப்ட்டண்ணனுக்கு அன்று மூன்று மாடி ஏறியதே தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு போனைப் பார்த்தார். டாக்டரம்மாவிடமிருந்து தனிச் செய்தி. இதுவரை அவர் தனியாக எதுவும் எழுதியதில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க பதினெட்டைச் செஞ்சு பார்த்தேன். குத்தம் கண்டுபிடிக்கத்தான் செஞ்சேன், ஆனா நல்லாவே பாடுது. விஷயம் அது இல்ல. புதுசா செய்யறவங்க வால்வைச் செருகறதுக்கு முன்னாடி ஒருதரம் கரண்ட் கொடுத்துச் சரி பார்ப்பாங்க இல்லையா? நானும் அப்படிப் பார்த்துட்டு அணைச்சேன். கால் மணி நேரம் கழிச்சும் முந்நூறு வோல்ட் அப்படியே உட்கார்ந்திருந்துச்சு. நான் மீட்டர் வச்சுப் பார்த்தேன். அவங்க விரல் வச்சுப் பார்ப்பாங்க. நீங்களே திருத்திடுங்க. நான் பொதுவுல சொல்லல, சொல்லவும் மாட்டேன். என் பேரும் எங்கேயும் வேணாம்."

பாட யாரும் இல்லன்னா, அந்த மிச்சம் எங்கே போகும்?

தலையைத் தூக்கினார். எதிரே லிஃப்டின் மின்பெட்டி. அதன் கதவில், அணைத்த பின் பத்து நிமிடம் தொடாதீர்கள் என்ற மஞ்சள் காகிதம். ஒட்டியவர் அவர்தான். நாற்பது கட்டடங்களிலும் ஒட்டியிருக்கிறார்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஏழு பேருக்கும் எழுதினார். ஒருத்தரும் கை வைக்காதீர்கள், ஒரு பாகம் விட்டுப்போயிற்று, அது போட்ட பிறகுதான் கரண்ட். மாலைக்குள் ஆறு பேர் பதில் போட்டார்கள். மொட்டைமாடி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஏழாமவர் மட்டும் வாயே திறக்கவில்லை.

"ரெண்டு நாளா சாப்பாட்டை வேடிக்கைதான் பார்க்கறீங்க. உப்பு கூடிப்போச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு."

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பது அவர் வழக்கம். அந்த இரண்டு நாளும் அந்த நிமிடம் முழுவதும் மொட்டைமாடிக்கே போயிற்று. நிஜப் பெயர் தெரியவில்லை. யாரைச் சொல்கிறோம் என்று கேட்கிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் அந்தப் பெயரையே சொல்லிக் கும்பிட்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "அண்ணே, ஊர்ல இல்ல. எனக்கு இன்னும் ஆம்ப் வைக்கற வெறும் பெட்டிதான் வந்திருக்கு. அதுலயும் மூடி சின்னது. ஏன், என்ன ஆச்சு?"

அன்று உப்பு உண்மையிலேயே கூடியிருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

வரைபடத்தைத் திருத்தினார். பத்தொன்பதாவது பாகத்தைச் சிவப்பில் வரைந்து, யோசித்துப் பார்த்ததில் இது அவசியம் என்று தெரிகிறது, விட்டது என் தப்பு என்று எழுதினார். அதைக் கண்டு மன்றம் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடிற்று. "ஜெயிச்சது போனாலும் பரவாயில்லன்னு அடுத்தவன் உயிரைப் பார்க்கிறார் பாருங்க, அதான் எங்க அண்ணன்," என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே எழுபது பேர் ஆமாம் போட்டார்கள்.

இது எனக்குத் தோணினதில்லை என்று எழுத ஆரம்பித்தார் லிஃப்ட்டண்ணன். அழித்தார். பேர் வேண்டாம் என்று டாக்டரம்மா கேட்டிருந்தார், உண்மைதான். ஆனால் அழித்த விரலுக்கு அது மட்டுமே காரணமில்லை என்று அவருக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்குத் தனியாக நன்றி எழுதினார். "அட விடுங்கண்ணே," என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு, அந்த அம்மாள் பத்து நிமிடத்தில் பொதுவில் வந்தார்.

"லிஃப்ட்டண்ணே, வரைபடம் திருத்தினது இருக்கட்டும். அந்த சோல்டரை எப்போ திருத்தப் போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அடுத்தவரின் தப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வதே பெரிய குணம். மூடியது வெளியே தெரியாமல் இருக்க ஒரு சண்டையையும் இழுத்துவிடுகிற குணத்துக்கு என்ன பெயர் என்று லிஃப்ட்டண்ணனுக்குத் தெரியவில்லை. அந்த எழுபது ஆமாம்கள் மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றன.

நான்கு வருஷம் போயிற்று. கட்டடத்து லிஃப்ட் நடுவில் இரண்டு மாதம் ஓடி, மறுபடி படுத்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு பாடம் எழுதியிருந்தார். சோல்டர் கம்பியைப் பிடிக்கத் தெரியாதவரும் முழு ஆம்ப் செய்து முடிக்கும்படி, படிப்படியாக, நூற்று அறுபத்து நான்கு படங்களோடு. வாய்க்குள் விளக்கடித்துப் பழகிய கை அல்லவா, ஒவ்வொரு படத்திலும் எது தெரிய வேண்டுமோ அது தெரிந்தது. மன்றத்துக்கு வருகிற புதியவர்களை எல்லாரும் அங்கேதான் அனுப்பினார்கள்.

ஒரு நாள் அந்தப் படங்கள் அத்தனையும் சாம்பல் நிறக் கட்டங்களாகிவிட்டன. படங்களைச் சேர்த்து வைத்திருந்த கம்பெனி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தார்களாம். டாக்டரம்மா பார்க்கவில்லை. ஐந்து மாதமாக அவர் கிளினிக்கையும் மூடிவிட்டு, படுக்கையில் கிடந்த அம்மாவின் பக்கத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது அம்மாவும் இல்லை, படங்களும் இல்லை.

"என்கிட்டயும் பிரதி இல்ல. பழைய கம்ப்யூட்டரோட போச்சு," என்று எழுதினார். "போகட்டும். மறுபடி எடுக்க இப்போ மனசு இல்ல. இனிமே லிஃப்ட்டண்ணன் சோல்டரைப் பார்த்துத்தான் கத்துக்கணும், உங்க தலையெழுத்து."

அதற்குக் கீழே புதியவர் ஒருவர், "அம்மா, நான் அறுபதாவது படம் வரைக்கும் செஞ்சுட்டேன், இனி எப்படிப் போறது?" என்று கேட்டிருந்தார். அதற்கு டாக்டரம்மா பதில் போடவில்லை. எந்தக் கேள்விக்கும் பதில் போடாமல் விட்டவரில்லை அவர்.

லிஃப்ட்டண்ணன் அதை வாசித்துவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய கோப்புறையைத் திறந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'டாக்டர் தப்புகள்'.

உள்ளே நூற்று அறுபத்து நான்கு படங்கள் இருந்தன. சண்டைக்கு ஆதாரமாக, வெளிவர வெளிவர ஒன்று விடாமல் சேர்த்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். முதல் படத்துக்கு 'வயர் தேவைக்கு மேல் நீளம்'. ஒன்பதாவதற்கு 'இதுக்கு ரெண்டு திருகு எதுக்கு'. முப்பதுக்கு மேல் பெயர்கள் மெல்ல மாறின. 'இது பரவாயில்லை'. 'இது எனக்கு ஏன் தோணலை'. எண்பத்தெட்டாவது படத்தின் பெயர் 'நாளைக்கு நானும் இப்படி'.

"அப்பா, இன்னைக்கு மன்றத்துல உங்களை யாரு திட்டினா? தனியா சிரிக்கறீங்க," என்றாள் மகள். அவளுக்கு இப்போது பத்து வயது. பழைய கேள்வி அவளுக்கு ஞாபகமே இல்லை.

"யாரும் திட்டலம்மா. நான்தான் திட்டி வச்சிருக்கேன்."

என்னிடம் இருக்கிறது என்று பொதுவில் ஒரு வரி போட்டால் போதும். அப்புறம் என்ன நடக்கும் என்றும் தெரியும். அண்ணன் தங்கம், அண்ணன் மட்டும் இல்லன்னா என்று மறுபடி எழுபது பேர் வருவார்கள். டாக்டரம்மாவின் உழைப்புக்கு இவர் இரண்டாம் தரம் மாலை வாங்கிக்கொள்வார். ஒரு மாலையே இன்னும் கனத்துக்கொண்டிருந்தது.

மன்றத்தின் சாவி மூன்று பேரிடம் இருந்தது. அவர்களில் அவரும் ஒருவர். எந்தப் பக்கத்தையும் திறந்து திருத்தலாம். அடுத்த மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், லிஃப்ட் மோட்டார் அறைகளில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு படமாக அதனதன் இடத்தில் வைத்தார். இந்த முறை மன்றத்தின் சொந்த இடத்திலேயே. முதலில் அறுபத்தொன்றாவது படத்தை வைத்தார். அதற்காக ஒருவர் காத்திருந்தார். தாம் எழுதிய பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் எண் போட்டார். நான்கு இடங்களில் எந்தப் படம் எங்கே என்று குழம்பி, அந்த ஆம்பைப் பாதி தாமே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு கேள்வி வரும்: திருத்தியவர் பெயரைக் காட்டலாமா? வேண்டாம் என்று அழுத்துவார். நூற்று அறுபத்து நான்கு தரம் அழுத்தினார்.

கடைசிப் படத்தில் ஆம்ப் அணைந்திருந்தது. வால்வுக்குள் கம்பி மட்டும் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது. அதை வைத்துவிட்டுக் கோப்புறையின் பெயரை அழித்தார். வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை. 'பாடம்' என்று போட்டார்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா எழுதினார்: "படமெல்லாம் திரும்ப வந்திருக்கு. கடை மூடினவங்களுக்கு மனசு இளகிடுச்சு போல. யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அறுபதாவது படத்துல நின்னவங்க எங்கே, கையைத் தூக்குங்க."

லிஃப்ட்டண்ணன் மோட்டார் அறைத் தரையில் உட்கார்ந்து அதைப் படித்தார். பிறகு சாப்பாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார்:

"படம் வந்து என்ன பண்றது டாக்டரம்மா? முதல் படத்துல அந்த வயர் இன்னும் தேவைக்கு மேல நீளமாத்தான் இருக்கு."