கண்ணாடிக்கடைக்காரரின் இடது கண்

ஊரில் பாதிப் பேர் முகம் கண்ணாடிக்கடைக்காரருக்கு அத்துப்படி. யாருக்கு மூக்கு கோணல், யாருக்கு ஒரு காது தாழ்வு என்று ஃபிரேம் மாட்டும்போதே தெரிந்துவிடும். அவர் முகத்தைப் பார்க்கத்தான் நாதியில்லை. மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் பேச்சுக்குக்கூட ஆள் கிடையாது.

தூர தேசத்து மகள் தினமும் போனில் கூப்பிடுவாள். முகம் காட்டச் சொன்னால் மழுப்புவார். "குரல் கேட்டா போதாதா?" இளைத்த முகத்தைப் பார்த்தால், சர்க்கரை மாத்திரைக்கு முழுக்குப் போட்டது அவளுக்குத் தெரிந்துவிடுமே!

மூக்கடைத்து, சிந்தினால் கறுப்பாக வந்தது. லென்ஸ் தேய்க்கிற தூசு என்றார். இடது கன்னம் மரத்தது. ஃபிரேம் அழுத்துகிறது என்று அதை வளைத்துச் சரிசெய்தார். பிறகு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. லென்ஸின் மையம் விலகிவிட்டதாம்! தனக்குத்தானே புது லென்ஸ் தேய்த்தார், அது சரிவராமல் இன்னொன்றும் தேய்த்தார். தொழில் தெரிந்த மனுஷர், எல்லாவற்றுக்கும் கையில் பதில் வைத்திருந்தார்.

பழைய வாடிக்கையான டீச்சர் கண்ணாடி மாற்ற வந்தார். கடைக்காரர் அளவெடுக்கக் குனிந்து, "நேரா என்னையே பாருங்க டீச்சர்" என்றார். டீச்சர் பார்த்தார். பார்த்தவர் பதறி எழுந்துவிட்டார்.

"அண்ணே! உங்க இடது கண்ணு பிதுங்கி நிக்குதே! இமை வேற பாதி தொங்குது. நீங்க பார்க்கவே இல்லையா?"

கடையில் முகம் பார்க்கிற கண்ணாடிகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாமே வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தன.

டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். டாக்டர் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார்.

"பூஞ்சை. சர்க்கரை ஏறிக் கிடந்தா மூக்குல பிடிச்சு கண்ணுக்குப் போகும், அப்புறம் மூளைக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். அந்தக் கண்ணை எடுத்தாத்தான் உயிருக்கு நல்லது. ஏங்க, வீட்டுல ஒருத்தருமா கவனிக்கலை?"

"பொண்ணு தினமும் பேசுவா டாக்டர். நான்தான் முகம் காட்டலை."

 

ஆபரேஷனுக்கு முன் அவரே மகளை வீடியோவில் கூப்பிட்டார். திரையில் இரண்டு மகள்கள் வந்தார்கள். லென்ஸைக் குறைசொல்ல இந்த முறை அவருக்குத் தோன்றவில்லை.

"அப்பா... என்னப்பா இது? ஏம்ப்பா சொல்லலை?"

திரையில் இரண்டு பேரும் அழுதார்கள்.

"அழாத கண்ணு. கொஞ்ச நேரம் அப்படியே இரு. உன் முகத்தைப் பார்த்துக்கிறேன்."