கொண்டைக்குருவிக்குப் பட்டு நூல்

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பினால் இப்படித்தான் என்று கமலவேணி தன்னையே திட்டிக்கொள்ளப் பார்த்தாள். திட்டுகூட வரவில்லை. புங்கமரக் கிளையில், கூட்டுக்கு ஒரு சாண் கீழே, கொண்டைக்குருவிக் குஞ்சு ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செத்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். காலை இறுக்கியிருந்தது அரக்குச் சிவப்புப் பட்டு நூல். அவள் வீட்டுத் தறி நூல்.

நெசவாளர் தெருவுக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்த குட்டையைத் தூர்வாரி, மரம் நட்டு, பறவைப் பூங்காவாக்கி மூன்று வருடமாகிறது. தண்ணீர் ஊற்றவும் நாய் புகாமல் பார்க்கவும் கமலவேணியை வேலைக்கு வைத்தார்கள். இரண்டு வருடம் ஒரு குருவிகூடக் கூடு கட்டவில்லை. இவளுக்குப் பொறுக்குமா? புருஷன் குமாரசாமி நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுக்கும்போது மிஞ்சும் துண்டு நூலைக் கொண்டுவந்து வேலி முள்ளில் தொங்கவிட்டாள். குருவிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. சிவப்பும் மஞ்சளுமாகக் கூடுகள். ஊரே வந்து போட்டோ எடுத்தது. மேற்பார்வையாளர் ஆனந்தராஜ் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அந்த வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாராக இருந்தால் குஞ்சு உதறினதும் அறுந்திருக்கும். பட்டு அறுமா? முறுக்கின இழையை வெடுக்கென்று இழுத்துக் காட்டிப் பெருமை பேசுகிற குடும்பம் அது. அந்த நூலைத்தான் வளர்கிற காலுக்குக் கொடுத்திருக்கிறாள். அழுகை வரும் என்று நின்று பார்த்தாள். வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

இன்னும் ஏழு கூட்டில் முட்டை இருந்தது. ஆனந்தராஜ் பறவை தெரிந்த யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். கூட்டைக் கலைத்தால் தாய் திரும்பாது, தாய் இல்லாத நேரமாகப் பார்த்து நூலை மட்டும் விரற்கடை நீளத்துக்கு நறுக்கிவிடுங்கள் என்றார்களாம். வேலியில் இருந்ததையெல்லாம் முதலில் பிய்த்தெறிந்தாள். பிறகு ஏணி போட்டு ஏறி, தறிக் கத்தரிக்கோலால் கூடு கூடாக நறுக்கினாள். இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் காலை முதல் கூட்டில் முழ நீளத்துக்குக் கிளிப்பச்சை நூல் கிடந்தது. அவள் வீட்டுத் தறியில் பச்சை நூல் ஓட்டி ஒரு வருடமாகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய்க்குருவி சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் பறந்தது. கமலவேணி இறங்கிப் பின்னாலேயே போனாள்.

தெரு முழுக்க நூல். ஜன்னல் கம்பியில், துணிக்கொடியில், கேட்டில், வீட்டுக்கு ஒரு நிறம். லோகாம்பாள் தன் வாசல் முருங்கையில் இன்னொரு கொத்தை முடிந்துகொண்டிருந்தாள்.

"உன்ன பாத்துத்தாம்மா எல்லாரும் கட்டிக்கினு இருக்கோம். எவ்ளோ குருவி வருது பாரு."

கமலவேணி "அவுத்துடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

லோகாம்பாள் முகம் சுருங்கிப்போயிற்று. "ஏம்மா, உன் வூட்டு நூலத்தான் குருவி எடுக்கணுமா?"

கமலவேணி இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முருங்கையிடம் போனாள்.